முன்பல்லில் ஒரு சில்லு

1966 மே மாதம் பீட்டில்ஸ் குழுவினர் 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெய்ன்' ஆகிய பாடல்களுக்காக லண்டனில் படம் எடுத்தார்கள். இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பால் மெக்கார்ட்னி வாய் திறந்து பாடும்போது, மேல்வரிசை முன்பல் ஒன்றின் முனை இல்லாதது தெரியும். ஐந்து மாதங்களுக்கு முன், 1965 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலை ஒட்டிய விர்ரல் என்ற பகுதியில் மொபெட்டிலிருந்து கீழே விழுந்தார். உதடு கிழிந்தது, பல்லின் முனை தெறித்தது. உதட்டுக்குத் தையல் போட்டார்கள். அந்த உதட்டை மறைக்கத்தான் பிறகு மீசை வளர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பல் மட்டும் அந்த மே மாதம்வரை உடைந்தபடியே இருந்தது.

அன்றைய உலகில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட முகங்களில் ஒன்று அது. பணத்துக்கும் குறைவில்லை, மருத்துவருக்கும் குறைவில்லை. உடனே ஏன் சரிசெய்யவில்லை என்பது அவருடைய சொந்த விஷயம். ஆனால் அந்த வருடத்தில் ஒருவர் உடைந்த முன்பல்லோடு நல்ல பல் மருத்துவரிடம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டே வழிகள். கூரான விளிம்பைத் தேய்த்துவிட்டு அப்படியே விடலாம். இல்லையென்றால், மிச்சமிருக்கும் நல்ல பல்லைச் சுற்றிலும் செதுக்கிச் சிறு குச்சியாக்கி, அதன்மேல் உறை மாட்டலாம். ஒரு சில்லை ஈடுகட்ட முழுப் பல்லையே பலி கொடுப்பது இரண்டாவது வழி.

பல் மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு முதலில் வியப்பாக இருப்பது இதுதான். பல்லைப் பிடுங்கக் கற்றார்கள், செயற்கைப் பல்வரிசை கட்டக் கற்றார்கள், சொத்தையைக் குடைந்து அடைக்கக் கற்றார்கள். கடுகளவு உடைந்த முன்பல்லை மட்டும், மற்றதைக் கெடுக்காமல் சரிசெய்ய இருபதாம் நூற்றாண்டின் பின்பாதிவரை யாராலும் முடியவில்லை. பெரிய பள்ளத்தில் எதையாவது அடைத்து நிறுத்தலாம். முனை போன பல்லில் பள்ளமே இல்லை. வைக்கும் பொருள் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். பல்லின் மேலோடான எனாமலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறைப் பிளந்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. போனது போனதுதான். பாற்பல் விழுந்தால் கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப் பல்லுக்குக் காத்திருக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. ஆறேழு வயதில் முளைக்கும் நிரந்தர முன்பல்லுக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு கிடையாது. அது முளைத்த சில வருடங்களிலேயே, ஓடியாடும் பிள்ளைப் பருவத்திலேயே, அதிகம் அடிபடுகிறது. அதிலும் மேல்வரிசையின் நடு இரண்டு பற்கள்தான் முதலில் அடி வாங்கும். பல் எடுப்பாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

உடைவு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். எனாமல் மட்டும் பெயர்ந்திருந்தால் வலி இருக்காது, நாக்கு மட்டும் அந்த இடத்தையே தேடிப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த அடுக்கான டென்டின் வெளியே தெரிந்தால் குளிர்ந்த தண்ணீருக்குப் பல் கூசும், ஏனென்றால் டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உள்ளே நரம்பு இருக்கும் பக்கம்வரை ஓடுகின்றன. அதற்கும் உள்ளே போய் ரத்தம் கசிந்தால் அது வேறு சிகிச்சை, வேறு அவசரம். இந்த மூன்று படிகளையும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரித்தவர் டொரண்டோவின் பேராசிரியர் எல்லிஸ். பல்லில் அடிபட்டு வரும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பெழுதுகிறார்கள்.

டென்டின் கூசுவதைப் பொறுக்க முடியாமல் மனிதன் எப்போது முதல் வைத்தியம் தேடினான்? ஸ்லோவேனியாவில் லோன்சே என்ற இடத்துக்குப் பக்கத்துக் குகையில் கிடைத்த ஒரு கீழ்த்தாடை இதற்கு ஒரு தடயம் தருகிறது. ஏறக்குறைய 6,500 வருடம் பழையது. வெகுகாலம் இத்தாலியின் திரியெஸ்தே நகர அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2012இல் ஆய்வாளர்கள் அதை எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்தபோது, விரிசல் விட்ட கோரைப்பல் ஒன்றின் மேல் தேன்மெழுகு பூசப்பட்டிருந்தது தெரிந்தது. விரிசலின் மேற்பகுதியையும் வெளியே தெரிந்த டென்டினையும் மெழுகு மூடியிருந்தது. இறந்த பிறகு சடங்குக்காகப் பூசியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதை அந்த ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே பூசியிருந்தால், உடைந்த பல்லுக்கு மனிதன் இட்ட மிகப் பழைய பூச்சுகளில் அது ஒன்று. அந்தத் தாடைக்குரியவருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

அதற்குப் பிறகான ஆயிரக்கணக்கான வருடங்களில் உடைந்த முனைக்கு நிலையான மருந்து என்றால் அரம்தான். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பியேர் ஃபோஷார் 1728இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் பல்லை அராவும் கலையை விரிவாகப் பேசுகிறார். கூர்மையை மழுக்குவது, பக்கத்துப் பல்லோடு ஒப்புரவாக்குவது என்பது அன்றைய பல் மருத்துவரின் அன்றாட வேலை. இழந்ததைத் திரும்பக் கொடுக்க முடியாதபோது மிச்சத்தைக் குறைத்துச் சமன் செய்தார்கள். வேறு பண்பாடுகளில் அராவுவதே அழகாகவும் சடங்காகவும் இருந்தது. பாலித் தீவு இந்துக்கள் பருவமடைந்த பிள்ளைகளின் மேல்வரிசைப் பற்களை அராவிச் சமப்படுத்தும் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். மாயர்கள் முன்பற்களில் துளையிட்டுப் பச்சை ஜேட் கல்லைப் பதித்தார்கள். அந்தப் பதிப்புகளில் பல இன்றும் எலும்புக்கூடுகளின் பற்களில் அசையாமல் நிற்கின்றன. கச்சிதமாகக் குடைந்த துளைக்குள் கல்லை வைத்து, ஒட்டுப்பசையும் சேர்த்திருந்தார்கள். துளை இருந்ததால் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

துளை வேண்டும் என்ற அந்த விதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியலாகவே வளர்ந்தது. 1855இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆர்தர், தங்கத் தகட்டைச் சூடாக்கினால் அது தன்மேல் தானே ஒட்டும் என்ற இயல்பைப் பல் அடைக்கப் பயன்படுத்தினார். மெல்லிய தங்கத் தகட்டைத் துண்டு துண்டாக வைத்துத் தட்டித் தட்டி, உடைந்த முனையைக்கூடத் தங்கத்தால் எழுப்ப முடிந்தது. மணிக்கணக்கில் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். செய்து முடித்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் தங்கம் தங்கத்தோடு ஒட்டியதே தவிரப் பல்லோடு ஒட்டவில்லை. சிகாகோவின் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட பெருநூல், எந்த உடைவுக்கு எப்படிக் குடைய வேண்டும் என்று அளவோடு வகுத்தது. முன்பல்லின் முனைக்கோணம் போன உடைவை அவருடைய வரிசையில் நான்காம் வகுப்பு என்பார்கள். அடைப்பு கழன்று வராமல் இருக்க, குடைவின் உள்பக்கம் அகன்று வாய் குறுகியிருக்க வேண்டும், சில இடங்களில் பல்லின் பின்புறத்திலும் கொக்கிபோலக் குடைய வேண்டும். அந்த அறிவை மதிக்காமல் இருக்க முடியாது. அது கேட்ட விலையும் கண்ணில் படாமல் போகாது. போன எனாமலைப்போலப் பல மடங்கு நல்ல பல்லை வெட்டி எறிந்தால்தான் போனது திரும்பக் கிடைத்தது, அதுவும் மஞ்சள் உலோகமாக.

மஞ்சள் உலோகம் பிடிக்காதவர்களுக்கு டெட்ராய்ட்டின் சார்லஸ் லேண்ட் ஒரு வழி கண்டார். பீங்கானை உலையில் சுட்டு, பல்லின் நிறத்திலேயே உறை செய்தார். 1880களில் தொடங்கிய அவருடைய முயற்சிகள் பல காப்புரிமைகளாயின. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் தாய்வழிப் பாட்டனார் இவர். பேரன் சிறுவயதில் தாத்தாவின் ஆய்வுக்கூடத்தில் விளையாடியிருக்கிறான். லேண்ட் செய்த உறை அழகானது, அதற்குத் தேவைப்பட்ட குச்சிப் பல் மட்டும் மாறவில்லை. சுற்றிலும் எனாமலைச் செதுக்கினால்தான் உறை நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சிலிக்கேட் சிமெண்ட் பல் நிறத்தில் இருந்தது, மலிவாகவும் இருந்தது. ஆனால் எச்சிலில் கரைந்து சில வருடங்களில் குழி விழுந்துவிடும். கடிக்கும் முனையில் வைத்தால் அதற்குள்ளேயே நொறுங்கும்.

ஹாலிவுட் இந்தச் சிக்கலை வேறுவிதமாகக் கடந்தது. சார்லஸ் பிங்கஸ் என்ற கலிஃபோர்னியப் பல் மருத்துவர் நடிகர்களின் பற்களுக்கு மெல்லிய முகப்பு ஓடுகள் செய்து கொடுத்தார். செயற்கைப் பல்வரிசையைப் பற்றவைக்கும் பொடியால் அவற்றைப் பல்லின்மேல் ஒட்டுவார். கேமரா ஓடும்வரை இருக்கும், சாப்பிடும் முன் கழற்றிவிட வேண்டும். ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்துக்கு அவர் செய்த ஓடுகள் பெயர் பெற்றவை. பாற்பல் விழும் வயதிலும் திரையில் அந்தச் சிறுமியின் சிரிப்பில் இடைவெளி தெரியவில்லை. உயிருள்ள பல்லைத் தொடாமலே அழகைத் திரும்பக் கொடுக்கலாம் என்ற எண்ணம் இங்கே வந்துவிட்டது. வராதது நிலைத்து நிற்கும் பசை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியிலிருந்து, வாயிலேயே கெட்டியாகும் அக்ரிலிக் பிசின் வந்தது. நிறம் பொருந்தியது, வேலையும் எளிது. ஆனால் கெட்டியாகும்போது சுருங்கிவிடும். சுருங்கினால் பல்லுக்கும் பிசினுக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் எச்சில் புகும், கறை படியும், அடியில் சொத்தை தொடங்கும்.

இந்த இடத்தில்தான் மைக்கேல் புவோனோகோரே வருகிறார். நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில், கோடக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தந்த பணத்தில் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட பல் மருத்துவ நிலையத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தொழிற்சாலைகளில் உலோகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தைப் பூசுவார்கள், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்பதற்காக. இதைக் கவனித்த அவர், பல்லிலும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டார். தாமாக முன்வந்தவர்களின் முன்பல்லில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடி வைத்து, கழுவி, உலர்த்தி, ஒரு துளி அக்ரிலிக் வைத்தார். அமிலம் தொடாத பல்லில் வைத்த துளிகள் சீக்கிரமே விழுந்தன. அமிலம் பட்ட பல்லில் வைத்தவை வாரக்கணக்கில் நின்றன. 1955இல் இந்த முடிவு ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்தது. பல் மருத்துவத்தில் அதற்கு இணையான திருப்பம் மிகக் குறைவு என்று தயங்காமல் சொல்லலாம்.

நடந்தது என்ன? வழுவழுப்பான பழைய சிமெண்ட் சுவரில் புதுப்பூச்சு நிற்காது என்று கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா, அமிலம் எனாமலுக்குச் செய்ததும் அதுதான். தாதுவை மைக்ரான் கணக்கில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கியது. நீர்த்த பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கிக் கெட்டியாகி, ஆயிரமாயிரம் நுண்வேர்களாகப் பிடித்துக்கொண்டது. துளை வேண்டும் என்ற பழைய விதியை அவர் மீறவில்லை. துளையின் அளவை மட்டும் மாற்றினார். பல் மருத்துவர் கருவியால் வெட்ட வேண்டிய ஒரு பெரிய குடைவுக்குப் பதில், அமிலம் இட்ட கோடிக்கணக்கான சிறு குடைவுகள். முனை போன பல்லுக்குக் கடைசியில் ஒரு பிடிமானம் கிடைத்தது.

தொழில் உடனே நம்பவில்லை. அமிலம்தானே பல்லை அரிக்கிறது என்று பாடம் படித்தவர்களிடம் போய், அமிலத்தைப் பல்லில் வையுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? தயக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒட்ட வைக்கத் தெரிந்தாலும் ஒட்டுவதற்கேற்ற பொருள் இன்னும் இல்லை, அக்ரிலிக் சுருங்கிக்கொண்டேதான் இருந்தது. கட்டுரை வந்து பத்து வருடம் கழித்து மெக்கார்ட்னி விழுந்தபோதும் இந்த முறை சாதாரண மருத்துவமனை அறைக்கு வந்து சேரவில்லை.

பொருளைத் தந்தவர் ரஃபேல் போவன். அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனத்தில் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்தார். எபாக்சி பிசினின் மூலக்கூறையும் அக்ரிலிக்கின் மூலக்கூறையும் இணைத்து, சுருக்கம் குறைந்த ஒரு கலவையை உருவாக்கினார். பிஸ்-ஜிஎம்ஏ என்பார்கள். அதற்குள் நுண்ணிய சிலிக்காத் துகளைச் சேர்த்து, துகளும் பிசினும் பிரியாதபடி இடையில் ஒரு வேதிப்பூச்சும் கொடுத்தார். 1962இல் காப்புரிமை கிடைத்தது. இன்று தெருமுனை கிளினிக்கில் பல் டாக்டர் சின்னச் சிரிஞ்சிலிருந்து பிதுக்கும் 'காம்போசிட்', அந்தக் கலவையின் வழித்தோன்றல்தான்.

மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது, நேரம். கலந்த சில நிமிடங்களில் தானாகக் கெட்டியாகும் பொருளை வைத்துக்கொண்டு ஒரு பல்லின் முனையைச் செதுக்குவது அவசர வேலை. 1970களின் தொடக்கத்தில் புற ஊதா ஒளி பட்டால் மட்டும் இறுகும் பிசின் வந்தது. கண்ணுக்கும் தோலுக்கும் அது நல்லதல்ல என்பதாலும், ஆழமாக இறங்காததாலும் சில வருடங்களில் நீல ஒளி அதன் இடத்தைப் பிடித்தது. விளக்கை ஏற்றும்வரை பிசின் மெழுகாகவே இருக்கும். மருத்துவர் ஒதுக்கலாம், கூட்டலாம், தூர நின்று பார்த்துவிட்டு மறுபடி தொடலாம். திருப்தியானதும் சில நொடி வெளிச்சம். முன்பல்லின் முனை கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடும் உள்பகுதி மங்கலாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு நிறம் எடுத்து, அடுக்கடுக்காக ஏற்றும் நுட்பம் வளர்ந்தது. பல் மருத்துவர் சிற்பியின் கண்ணோடு வேலை செய்யும் இடம் இதுதான்.

டென்டின் கடைசிவரை முரண்டு பிடித்தது. அது ஈரமானது, உயிருள்ளது, எனாமலைப்போலக் காய வைக்க முடியாது. அதிலும் அமிலம் வைக்கலாம் என்று டோக்கியோவின் ஃபுசயாமா 1979இல் சொன்னபோது மேற்கில் பலர் முகம் சுளித்தார்கள். 1982இல் அதே நகரத்தின் நகபயாஷி, பிசினும் டென்டினின் நாரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய ஒரு கலப்பு அடுக்கு உருவாவதைக் காட்டினார். இரண்டாம் வகுப்பு உடைவுக்கும் அதன்பின் நிம்மதியாக ஒட்டு வேலை செய்ய முடிந்தது.

இதெல்லாம் வெளிநாடுகளில் நடந்தவை. இந்தியாவில் பல் மருத்துவம் கல்லூரிப் படிப்பானதே 1920இல்தான். அமெரிக்காவின் அயோவாவில் படித்துத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குக் கைகொடுத்தது அவர் நடத்திய 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற ஐஸ்கிரீம் கடையின் வருமானம். யார் பல் மருத்துவர் என்பதை வரையறுத்த சட்டம் 1948இல் வந்தது. சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953இல், புவோனோகோரேயின் கட்டுரைக்கு இரண்டே வருடம் முன்பு.

உடைந்த துண்டையே திரும்பப் பொருத்தினால் என்ன என்ற கேள்வி, ஒட்டும் கலை கைவருவதற்கு முன்பே வந்துவிட்டது. 1964இல் இரண்டு மருத்துவர்கள் ஒரு குழந்தையின் உடைந்த முன்பல்லை, அதன் சொந்தத் துண்டைக் கொண்டே பொருத்திய விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களுக்கு உள்ளே உலோகத் தண்டு தேவைப்பட்டது. 1978இல் அமில முறையால் தண்டு இல்லாமலே ஒட்டிக் காட்டினார்கள். நிறம், வடிவம், தேய்மானம் எல்லாம் அந்தப் பல்லுடையதே என்பதால் இதைவிடப் பொருத்தமான மாற்று வேறில்லை. ஒன்றே ஒன்று, துண்டு காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். ஆகவேதான் மைதானத்தில் பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து, பாலிலோ உப்புநீரிலோ போட்டு எடுத்துவரச் சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இந்த ஒரு செய்தியை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவரும் துண்டைவிட ஒரு டம்ளர் பாலில் வரும் துண்டு எவ்வளவோ மேல்.

சரிசெய்ததை எடுத்துவிட்டு மறுபடியும் சரிசெய்ய முடியும் என்பதற்கு 1994இல் திரையில் ஒரு சான்று வந்தது. 'டம்ப் அண்ட் டம்பர்' படத்தில் ஜிம் கேரியின் முன்பல் உடைந்திருக்கும். அது ஒப்பனை அல்ல. சிறுவயதில் நிஜமாகவே உடைந்த பல் அது. பின்பு சரிசெய்திருந்த பகுதியை வேடத்துக்காக எடுத்துவிட்டு நடித்து, பிறகு மறுபடி சரிசெய்துகொண்டார்.

எனாமலையே திரும்ப வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 2019இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எனாமலின் படிக அமைப்பிலேயே ஒரு புது அடுக்கை அதன்மேல் வளர்த்துக் காட்டினார்கள். அதன் தடிமன் சில மைக்ரான். விளையாட்டில் தெறிக்கும் சில்லோ மில்லிமீட்டர் கணக்கு.

அதுவரை பிசின்தான். அது நிரந்தரமானதல்ல. காபியும் தேநீரும் அதில் கறை ஏற்றும், வெற்றிலை இன்னும் சீக்கிரம் ஏற்றும். நகம் கடிக்கிறவர்களுக்கும் பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கிறவர்களுக்கும் விளிம்பு மறுபடி பெயரும். மிகச் சிறிய உடைவாக இருந்தால் நல்ல மருத்துவர் பிசினே வைக்க மாட்டார், மெல்லிய வட்டத் தகட்டால் விளிம்பை மெருகேற்றி அனுப்பிவிடுவார். வைத்த பிசின் சில வருடம் கழித்து மங்கினால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். பெரும்பாலும் மரத்துப்போக ஊசிகூட வேண்டாம், அரை மணியில் வேலை முடியும். அடியில் இருக்கும் பல் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும்.